உஷார்! 'நம்ம வீட்டு நாய்தானே' என்று விட்டுவிடாதீர்கள்

தெருநாயைக் கண்டால் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறோம். வீட்டு நாயின் பக்கத்தில் அதே பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகிறோம். தயவுசெய்து இதை இன்றோடு நிறுத்துங்கள். கடிக்கிற நாய் அந்நிய நாயாகத்தான் இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

செல்போனில் அடிக்கடி வரும் வீடியோதான்: இரண்டு வயதுக் குழந்தை லாப்ரடாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கும், வீடே சிரிக்கும். அடுத்த முறை சத்தத்தை நிறுத்திவிட்டு நாயின் முகத்தை மட்டும் பாருங்கள். வாய் இறுக மூடியிருக்கும். தலை அந்தப் பக்கம் திரும்பும். தின்ன எதுவும் இல்லாமலே மூக்கை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும். கடைக்கண்ணில் வெள்ளை பிறை போலத் தெரியும். பிறகு உடம்பு அப்படியே விறைத்துவிடும். 'எவ்வளவு பொறுமை பாரு!' என்று நாம் மெச்சுவது சரியாக அந்த நேரத்தில்தான். 'என்னை விடு' என்று தனக்குத் தெரிந்த வழியில் எல்லாம் அது கேட்டாயிற்று. மிச்சம் இருப்பது உறுமலும் பல்லும்தான். வால் ஆடுகிறதே என்று நம்பாதீர்கள். பதற்றத்திலும் வால் ஆடும்.

உறுமும் நாயை அடிக்கிறோமே, எனக்கு அதுதான் பெரிய பயம். அடி வாங்கிப் பழகிய நாய் உறுமுவதை விட்டுவிடும், பயத்தை விடாது. அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிக்கும். உறுமினால் குழந்தையை மெல்ல விலக்குங்கள், நாயை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள். அது எதற்காக உறுமியது என்று பிறகு யோசியுங்கள். காதில் புண் இருக்கலாம், வயதான நாய்க்கு மூட்டு வலிக்கலாம். குழந்தைக்கோ இதெல்லாம் புரியாது. பல்லைக் காட்டும் நாயைப் பார்த்து, அது சிரிக்கிறது என்றே சின்னப் பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். இன்னும் கிட்டே முகத்தைக் கொண்டுபோவார்கள். அவர்கள் உயரமும் நாயின் வாய்க்கு நேரே இருக்கும். அவர்களுக்குக் கடி விழுவது பெரும்பாலும் முகத்திலும் தலையிலும்தான்.

நாய் சோறு தின்னும்போது, எலும்பு கடிக்கும்போது, கட்டிலுக்கடியில் தூங்கும்போது, குட்டி போட்டிருக்கும்போது பிள்ளை அதன் அருகே போகவே கூடாது. தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டிருக்கும்போதும் அப்படியே. மே மாத லீவுக்கு அத்தை பிள்ளைகளும் சித்தி பிள்ளைகளும் வந்திறங்கினால் இன்னும் கவனம் தேவை. உங்கள் பிள்ளையைத் தெரிந்த நாய்க்கு அவர்களைத் தெரியாது.

பிள்ளையும் நாயும் சேர்ந்திருக்கும்போது பெரியவர் ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும், கண் அவர்கள் மேல் இருக்க வேண்டும், போனில் அல்ல. எட்டு வயது அக்காவிடம் 'பாப்பாவைப் பார்த்துக்கோ' என்று சொல்லிப் போவது கணக்கில் சேராது. பால் பொங்குகிறதா? நாயை வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். நாயே தேடி வந்தால் மட்டும் தொடப் பழக்குங்கள். நெஞ்சுப் பக்கமோ தோளிலோ இரண்டு மூன்று தடவை தடவிவிட்டுக் கையை எடுக்கட்டும். நாய் மறுபடி ஒட்டி வந்தால் தடவலாம், நகர்ந்து போனால் விட்டுவிட வேண்டும். கட்டிப்பிடித்தல், முத்தம், முதுகில் யானைச் சவாரி எல்லாம் கூடவே கூடாது.

அப்படியும் பல் பட்டுவிட்டதா? மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். நேரே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். 'நம்ம நாய்க்குத்தான் ஊசி போட்டிருக்கே' என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வது உண்மைதான், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டியிருக்கும். சீட்டில் எழுதித் தரும் தேதிகளில் ஒன்றுகூடத் தவறக் கூடாது. ரேபிஸ் அறிகுறி தென்பட்ட பிறகு பிள்ளையைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

பிள்ளைகள் கீறலை மறைப்பார்கள். திட்டு விழும், நாய் மணியைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று பயம். 'கடிச்சாலோ கீறினாலோ உடனே சொல்லு, அடிக்க மாட்டேன், மணியையும் விரட்ட மாட்டேன்' என்று இன்று ராத்திரியே சொல்லிவையுங்கள். குளிப்பாட்டும்போது கை, கால், காதோரம் எல்லாம் ஒரு தடவை பாருங்கள்.