தேயிலைச் சரிவின் இன்னல்கள்

விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால்மரத் தோட்டத்தில் வெட்டு நின்றுவிடும். பட்டை நனைந்தால் பால் கோட்டில் நில்லாது மரமெங்கும் பரவி வீணாகும். அன்றைய வருமானமும் அதனுடன் போகும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் நிலைமை இதற்கு நேர்மாறு. அங்கே மழைதான் கொழுந்தைத் தளிர்க்கச் செய்கிறது. தளிர்த்தது முற்றுவதற்குள் எடுத்தாக வேண்டும். ஆதலால் தூறலிலும் பனிமூட்டத்திலும் தொழிலாளர் மலையேறுகின்றனர். அவர்கள் படும் இன்னல்களுள் பல இந்த ஒரு காரணத்தினின்றே பிறக்கின்றன எனலாம்.

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் அமைந்த இம்மலைப்பகுதி, 1885ஆம் ஆண்டில் அங்குச் சென்ற வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1929இல் ஜே. ஏ. ரஸல் தொடங்கிய போ தோட்டம் அங்குள்ள தேயிலைத் தோட்டங்களுள் முன்னோடியாகும். அத்தோட்டங்களில் தமிழரும் தலைமுறை தலைமுறையாக உழைத்துள்ளனர். இன்று அயல்நாட்டுத் தொழிலாளரும் அச்சரிவுகளில் பாடுபடுகின்றனர்.

சமதரைப் பால்மரக் காட்டில் கால் இடறினால் வாளிப் பால் கொட்டும். (அந்தத் துயரம் எத்தகையது என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.) தேயிலைச் சரிவில் வழுக்கினாலோ ஆளே உருள்வார். முதுகில் உள்ள பாரம் அவரை மேலும் கீழே இழுக்கும். நனைந்த கொழுந்து உலர்ந்ததைவிடக் கனமானது. கவாத்துச் செய்த கிளைகளின் நுனி கூர்மையாக நிற்பதால், விழுபவரின் கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து உண்டு. கையால் கிள்ளிய காலம் பெரும்பாலும் மாறி, கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. இருவர் இருபுறமும் பிடித்து நடக்கும் இயந்திரத்தில் ஒருவர் சறுக்கினால் மற்றவருக்கும் காயம் நேரலாம்.

ஈரத்தோடு அட்டையும் வரும். அதன் கடி வலிப்பதில்லை. ஆயினும் அதன் எச்சிலில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் இருப்பதால் குருதி நெடுநேரம் கசியும். அதனைப் பிய்த்து எறியாமல் நகத்தால் மெல்ல நெம்பி எடுத்து, கடிவாயைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் நன்று. குளவி அதனினும் கொடியது. இலங்கை மலையகத் தோட்டங்களில் குளவி கொட்டி உயிரிழந்தோரும் உளர். கூடு கண்ட நிரையில் யாரும் இறங்காமல் உடனே மேற்பார்வையாளரிடம் தெரிவித்தல் வேண்டும்.

இவற்றுள் எதனையும் ‘சிறு காயந்தானே’ என்று மறைப்பதுதான் பெரும் இழப்புக்கு வழி. இன்று சுளுக்கென்று விட்ட கால் நாளை வீங்கிப் படுக்கையில் தள்ளும். அப்போது அது வேலையில் நேர்ந்தது என மெய்ப்பிப்பது கடினம். 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் மருத்துவ விடுப்புக் கிடைத்தால், கணக்கிடப்பட்ட சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு உதவித்தொகையாகக் கிடைக்கும். 2019 ஜனவரி முதல் வேலை விபத்துப் பாதுகாப்பு அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தும் இதில் அடங்கும். பால் வெட்டுவோருக்கும் இவ்விதிகளே பொருந்தும். ஆகவே காயம்பட்ட அன்றே கிராணியிடம் சொல்லிப் பதிவு செய்துகொள்க, கண்ட சாட்சியின் பெயரையும் சேர்த்து.