ஸ்டியரிங் பிடித்தவரை யார் பார்ப்பது?

முப்பது வருடங்களுக்கு முன்னால் எந்த ஊர் ஜங்ஷனில் இறங்கினாலும் வாசலில் அம்பாசடர் கார்கள் வரிசைகட்டி நிற்கும். முதல் வண்டிக்குத்தான் முதல் சவாரி. ஆளைப் பார்த்து, மூட்டையைப் பார்த்து, “வரும்போது காலியா வரணும் சார்” என்று வாடகை சொல்வார்கள். அந்தக் காலத்தைச் சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. ஊருக்குப் புதுசு என்று தெரிந்தால் இரட்டை வாடகை கேட்டவர்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள்.

ஆனால் ஸ்டாண்டுக்கு ஒரு குணம் இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு முன்பின் தெரியாத நாலு பேர் வந்து வெளியூர் வாடகை கேட்டால், மற்ற டிரைவர்களும் எழுந்து வந்துவிடுவார்கள். எந்த ஊர், யார் வீடு, என்ன விசேஷம் என்று ஆளுக்கொரு கேள்வி. பதில் சரிப்படவில்லையென்றால், “துணைக்கு எங்க பையன் ஒருத்தன் வருவான், சரியா?” என்பார்கள். சரியில்லாதவர்கள் அங்கேயே கழன்றுகொள்வார்கள். காரை வாடகைக்கு எடுத்துப் போய், டிரைவரை அடித்துப் போட்டுவிட்டு வண்டியோடு மறையும் கும்பல்கள் அன்றும் இருந்தன. போலீஸை நம்பி அல்ல, இந்த விசாரணையை நம்பித்தான் வண்டி கிளம்பியது.

இன்று சவாரி போனில் விழுகிறது. டிரைவரின் போட்டோ, பெயர், வண்டி நம்பர் எல்லாம் பயணிக்குப் போய்விடும். பயணியைப் பற்றி டிரைவருக்கு வருவது ஒரு பெயரும் மேப்பில் ஒரு புள்ளியும். பெயர் நிஜமா என்று கேட்க பக்கத்தில் ஆள் இல்லை. சவாரியை மறுத்தால் ரேட்டிங் குறையுமோ என்ற பயம் வேறு.

பாதுகாப்புக்கு விதி இல்லாமல் இல்லை. டெல்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு எழுந்த கோரிக்கையின் பலனாக, 2016-ல் மத்திய அரசு ஜி.பி.எஸ். கருவியையும் அவசரப் பொத்தானையும் பொது வாகனங்களுக்குக் கட்டாயமாக்கியது. புது வண்டிகளுக்கு 2019 ஜனவரி முதல் நடைமுறை. நல்ல விதிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சிவப்புப் பொத்தான் இருப்பது பயணியின் கைக்கு எட்டும் இடத்தில். கருவிக்கும் அதன் சந்தாவுக்கும் பணம் கட்டுவது வண்டிக்காரர். பின்னால் இருப்பவர் கத்தியை எடுத்தால் முன்னால் இருப்பவர் என்ன செய்வது என்று விதி எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

லைசென்ஸ் விஷயத்தில் மட்டும் காலம் இறங்கி வந்திருக்கிறது. முன்பு லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும், எட்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும், பிறகு பேட்ஜுக்கு அலைய வேண்டும். 2017-ல் உச்ச நீதிமன்றம், 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை ஓட்ட சாதாரண இலகுரக லைசென்ஸே போதும் என்றது. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதி செய்தது. படிப்புச் சான்றிதழும் 2019-ல் போய்விட்டது.

வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை. எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டும் நாள் அன்றைக்கும் திருவிழாதான். டென்ட் எடுத்து, பெயின்ட் டச்சப் செய்து, முதலுதவிப் பெட்டியைப் பக்கத்து வண்டியிலிருந்து கடன் வாங்கிப் போய் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்துவார்கள். இப்போது எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போனால் போதும். ஆனால் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ஜி.பி.எஸ். என்று எல்லாம் அங்கீகரித்த கம்பெனியிலிருந்து சான்றிதழோடு வர வேண்டும். நாள் தவறினால் தினம் 50 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று 2016 டிசம்பரில் விதி வந்தது. மாதத் தவணையும் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிய டீசலும் தனிக் கணக்கு.

இவ்வளவும் மஞ்சள் நம்பர் பலகை மாட்டிய வாடகை வண்டிக்கு. வெள்ளைப் பலகைச் சொந்தக் காரையே வாடகைக்கு விடுபவருக்கு பர்மிட் இல்லை, பதினைந்து வருடம் வரை எஃப்.சி. கவலையும் இல்லை. பர்மிட் இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் சொல்கிறது. பிடிபட்டால்தானே! 2025 ஆகஸ்ட் 15-ல் வந்த சுங்கச்சாவடி ஆண்டு பாஸ் இன்னொரு கொடுமை. அறிமுக விலை 3,000 ரூபாய்; 200 முறை கடக்கலாம், ஆனால் சொந்த வண்டிகளுக்கு மட்டும். பரனூர் சுங்கச்சாவடியில் ஒரே வரிசையில் இரண்டு கார்கள் நிற்கின்றன. திருட்டுத்தனமாக வாடகை ஓட்டுபவருக்குப் பாஸ், வரி கட்டி ஓட்டுபவருக்கு முழுக் கட்டணம். வண்டிக்காரர்களின் புலம்பலில் நூற்றுக்கு நூறு நியாயம் உள்ள இடம் இது.

செயலி நிறுவனங்கள் ஓட்டுநருக்கு 5 லட்சம் மருத்துவக் காப்பீடும் 10 லட்சம் ஆயுள் காப்பீடும் எடுக்க வேண்டும் என்கின்றன மத்திய அரசின் வழிகாட்டுதல்கள். அவற்றைச் செயல்படுத்துவது மாநிலங்களின் பொறுப்பு. ஸ்டாண்டில் கார் வைத்து ஓட்டுபவருக்கு அதுவும் பொருந்தாது.

தூக்கத்தைப் பற்றிப் பேசுவாரே இல்லை. கொடைக்கானலுக்கோ ராமேஸ்வரத்துக்கோ இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு போனவர், பயணிகள் அறைக்குள் போனதும் சீட்டைச் சாய்த்து, கொசுவுக்குக் கண்ணாடியை ஏற்றி, புழுக்கத்துக்கு இறக்கி, விடிவதற்குள் மறுபடி ஸ்டியரிங் பிடிக்கிறார். 2023-ல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல்களும் லாட்ஜுகளும் விருந்தினரின் ஓட்டுநர்கள் தங்க படுக்கையும் குளியலறையும் உள்ள கூடம் அமைக்க வேண்டும் என்றது. அன்றைய ஸ்டாண்டுகூடத் தர முடியாத ஒன்று இது. ஆனால் யாராவது கேட்டால்தான் அந்தக் கதவு திறக்கும்.

அடுத்த முறை கார் பிடிக்கும்போது மஞ்சள் பலகையா என்று பாருங்கள். வெள்ளைப் பலகையில் போய் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடலாம். அறை பதிவு செய்யும்போது, “எங்கள் டிரைவர் எங்கே தூங்குவார்?” என்று ரிசப்ஷனில் கேளுங்கள். இடம் இல்லை என்றால் வேறு லாட்ஜ் பாருங்கள்.