சபைக் குழுவின் முன் சாட்சியம்: மிரட்டுபவரைத் தண்டிப்பது யார்?

ஹைதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகர், இ.சி.ஐ.எல். நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய விஞ்ஞானி ஏ.எஸ்.ராவின் பெயரைத் தாங்கிய பகுதி. 1967இல் தொடங்கிய அந்த மத்திய அரசு நிறுவனத்தில் பணியாற்றிய பலர் இங்கே குடியிருக்கிறார்கள். இத்தகைய நிறுவனங்களை ஆராய்வதற்கு நாடாளுமன்றத்தில் பொது நிறுவனங்கள் குழு 1964 முதல் இயங்குகிறது. அது அதிகாரிகளை அழைத்து விசாரிக்கலாம். கோப்புகளைக் கேட்டு வாங்கலாம். அங்கே உண்மையைச் சொல்லவிருக்கும் ஓர் அதிகாரியை யாராவது மிரட்டினால் சட்டம் அவருக்குத் துணை நிற்குமா?

நீதிமன்றச் சாட்சிக்கு என்ன பாதுகாப்பு?

பொய்ச் சாட்சி சொல்லும்படி ஒருவரை மிரட்டினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 232ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுவரை சிறைத் தண்டனை கிடைக்கும். 2018இல் மகேந்தர் சாவ்லா வழக்கில் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுவதும் செயல்படுத்தவும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் அத்திட்டம் கடுமையான குற்ற வழக்குகளின் சாட்சிகளுக்கானது. சபைக் குழுவின் முன் வருபவருக்கு அதில் இடமில்லை. 232ஆம் பிரிவும் பொய் சொல்ல வைப்பதைப் பற்றியே பேசுகிறது. உண்மையைச் சொன்னதற்காக இடமாற்றம் செய்வதையும் பதவி உயர்வை மறுப்பதையும் அது தொடுவதில்லை.

சபையின் கையில் என்ன இருக்கிறது?

இந்த இடைவெளியை நிரப்புவது அவை உரிமை. அரசமைப்புச் சட்டத்தின் 105ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கும், 194ஆவது பிரிவு சட்டமன்றங்களுக்கும் அதை வழங்குகின்றன. இந்த உரிமைகளுக்குப் பிரிட்டிஷ் மக்களவையின் மரபே அடிப்படை. குழுவின் சாட்சியைக் கலைப்பதும், சாட்சியம் அளித்ததற்காகப் பழிவாங்குவதும் அம்மரபில் அவை அவமதிப்பு.

அங்கே நடந்த ஒரு நிகழ்வு முக்கியமானது. ரயில்வே ஊழியர்களின் வேலைநேரம் குறித்து நாடாளுமன்றக் குழுவிடம் சாட்சியம் அளித்த ஜான் ஹூட் என்ற நிலைய அதிபரை கேம்ப்ரியன் ரயில்வே பணிநீக்கம் செய்தது. 1892இல் அதன் இயக்குநர்களை அவை நேரில் வரவழைத்துக் கண்டித்தது. அதே ஆண்டு, விசாரணைச் சாட்சிகளைப் பழிவாங்குவதைக் குற்றமாக்கித் தனிச் சட்டமும் வந்தது. மரபு நமக்கு வந்துசேர்ந்தது. அந்தச் சட்டத்துக்கு இணையான ஒன்றை நாம் இயற்றவில்லை.

1978 சொல்லும் பாடம்

மாருதி நிறுவனம் பற்றிய நாடாளுமன்றக் கேள்விக்கு 1975இல் தகவல் திரட்டிய நான்கு அதிகாரிகள் அச்சுறுத்தலுக்கும் சி.பி.ஐ. நடவடிக்கைக்கும் ஆளானார்கள். அவர்களில் இருவர் பொதுத் துறை நிறுவன அதிகாரிகள். அவர்கள் குழுவின் முன் வந்த சாட்சிகள் அல்லர். ஆனால் அவைக்கு உண்மை போய்ச் சேர வேண்டிய வழியில் நின்றவர்கள். இதற்காக 1978 டிசம்பர் 19இல் மக்களவை, அந்தச் சம்பவத்தின்போது பிரதமராக இருந்த இந்திரா காந்தியை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கி, கூட்டத்தொடர் முடியும்வரை சிறையில் வைக்கத் தீர்மானித்தது. டிசம்பர் 26இல் அவர் விடுதலையானார். ஆட்சி மாறியபின், 1981 மே 7இல் புதிய மக்களவை அந்தத் தீர்மானத்தையே ரத்து செய்தது.

அவை தானே நீதிபதியாகும்போது பெரும்பான்மைதான் தீர்ப்பை எழுதுகிறது. சிறைத் தண்டனையும் கூட்டத்தொடரோடு முடிந்துவிடுகிறது. மிரட்டப்பட்டவர் தாமாக உரிமைப் பிரச்சினை எழுப்ப முடியாது. ஓர் உறுப்பினர் சபாநாயகரின் இசைவோடு எழுப்ப வேண்டும். ஆளுங்கட்சியின் மேல் குற்றம் இருந்தால் அது எவ்வளவு தூரம் நகரும்?

வெளிநாடுகளில்

அமெரிக்காவில் காங்கிரஸ் விசாரணையின் சாட்சியைக் கலைப்பது நீதிமன்றத்தில் வழக்கு தொடுக்கக்கூடிய குற்றம். பிரதிநிதிகள் சபை விசாரணை தொடர்பான சாட்சியை மிரட்டியது உள்ளிட்ட குற்றங்களுக்காக 2019இல் ரோஜர் ஸ்டோன் குற்றவாளி எனத் தீர்ப்பானது. அவரது 40 மாதச் சிறைத் தண்டனையை அதிபர் டிரம்ப் நீக்கி, பின்னர் மன்னிப்பும் அளித்தார். ஆஸ்திரேலியா 1987லேயே சட்டத்தில் இதைக் குற்றமாக எழுதிவிட்டது.

என்ன செய்யலாம்?

அவை உரிமைகளைச் சட்டத்தால் வரையறுக்கலாம் என்று அரசமைப்பே சொல்கிறது. மாநிலப் பட்டியலின் 39ஆவது இனம் தெலங்கானா சட்டமன்றத்துக்கும் அந்த அதிகாரத்தை அளிக்கிறது. மிரட்டலும் பழிவாங்கும் இடமாற்றமும் குற்றமாக வேண்டும். பாதிக்கப்பட்டவர் நேரடியாகப் புகார் தரும் வழி வேண்டும். நீதிமன்றம் இழப்பீடு வழங்க வேண்டும். மக்கள் பணம் எங்கே போகிறது என்று கேட்கும் குழுவுக்கு அச்சமின்றிப் பதில் சொல்லும் அதிகாரிதான் நமது தற்காப்பு. அவரது பாதுகாப்பை எந்தக் கட்சியின் எண்ணிக்கையையும் நம்பி விடக் கூடாது.