குடகில் ஒரு தோட்ட வீடு

விடுமுறை வந்தால் ஊருக்குச் செல்வதே நம் குடும்பங்களின் வழக்கம். அதனை விட்டுவிடுமாறு நாம் சொல்லோம். ஆயினும் வழியில் நான்கு நாள் ஒதுக்க இயலுமாயின், காவிரி பிறக்கும் குடகு நாட்டில் தங்கிச் செல்லலாம். அம்மாவட்டத்தில் இருப்புப்பாதை இல்லை. மைசூரில் இறங்கிப் பேருந்தில் சுமார் 120 கிலோமீட்டர் சென்றால் மடிக்கேரியை அடையலாம்.

காப்பித் தோட்டக்காரர் பலர் தம் இல்லத்தின் சில அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விடுகின்றனர். அது விடுதியன்று, ஒரு குடும்பம் வாழும் வீடு. அரிசி நொய்யை உருண்டையாக்கி ஆவியில் வேகவைத்த கடம்புட்டு காலை உணவாகக் கிடைக்கும். பன்றிக் கறி குடகரின் சிறப்புணவு. மரக்கறி உண்போர் முன்னரே தெரிவித்துவிட வேண்டும். சொல்லாமல் சென்று முகஞ்சுளிப்பது விருந்தினர்க்கு அழகன்று. மார்ச், ஏப்ரல் திங்களில் முதல் மழைக்குப் பின் தோட்டமெங்கும் காப்பி பூத்து மல்லிகைபோல் மணக்கும். அவ்வெண்மை சில நாளே நிற்கும். கண்டவர் பேறு பெற்றவர்.

பாகமண்டலத்திலிருந்து 8 கிலோமீட்டர் ஏறினால் தலைக்காவிரி. நம் பிள்ளைகள் பலர் காவிரியைச் செய்தித்தாளில் வரும் வழக்காகவே அறிவர். அங்கோ அது ஒரு சிறு தொட்டி நீர். அகத்தியர் கமண்டலத்தைக் காகம் கவிழ்த்தது என்பது நம் கதை. காவிரி அகத்தியரின் மனைவி, கமண்டலத்தினின்று தானே பெருகி ஓடினாள் என்பது குடகர் கதை. இதனைத் தங்கும் வீட்டின் முதியோரிடம் பிள்ளைகள் கேட்கட்டும்.

வீட்டைத் தேர்வதில்தான் கருத்து வேண்டும். 2018 ஆகஸ்டுப் பெருமழையில் குடகின் மலைகள் பல இடங்களில் சரிந்தன. 2020 ஆகஸ்டில் தலைக்காவிரியிலேயே பூசகரின் வீடு மண்ணுள் புதைந்தது. 2018-ஆம் ஆண்டின் அழிவுக்குச் சரிவுகளை வெட்டிச் சமன் செய்ததும் ஒரு காரணம் எனப் புவியியலார் கண்டனர். விருந்தினர் தரும் பணத்தை நம்பியே புதுக் கட்டடங்கள் பல எழுகின்றன. அப்பணத்தில் நம்முடையதும் உண்டு. ஆதலின் சரிவை வெட்டி எழுப்பிய மாளிகையை விடுத்து, தோட்டத்தாரின் பழைய வீட்டையே நாடுவோம். சுற்றுலாத் துறையில் அவ்வீடு பதிவு பெற்றதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டா. ஜூன் முதல் செப்டம்பர் வரை அப்பக்கம் செல்லாதிருப்பது நன்று. ஆற்றில் இறங்குமுன் வீட்டாரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மேலே மழை பெய்தால், வெயில் காயும் துறையிலும் நீர் திடீரென ஏறும்.