சத்யம் கணக்கு மோசடி: நிறுவன ஆளுகையும் கணக்காளர் அறநெறியும்

சத்யம் கணக்கு மோசடி என்பது ஐதராபாத்தில் இயங்கிவந்த சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்னும் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் நிதி அறிக்கைகளில் பல ஆண்டுகள் தொடர்ந்து நடந்து, 2009 ஜனவரி 7 அன்று வெளிவந்த மோசடியாகும். நிறுவனர் பி. ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் இதைத் தாமே ஒப்புக்கொண்டார். இயக்குநர் குழு, தணிக்கைக் குழு, சுயேச்சை இயக்குநர்கள், உலகப் புகழ்பெற்ற தணிக்கை நிறுவனம் என விதிகள் கேட்ட அமைப்புகள் யாவும் அங்கு இருந்தன. அப்படியிருந்தும் மோசடி எவ்வாறு நீடித்தது என்பது வணிகவியல், கணக்கியல் மாணவர்கள் அறிய வேண்டிய பாடமாகும்.

அடிப்படைக் கருத்துகள்

நிறுவன ஆளுகை என்பது நிறுவனத்தை நடத்துவோரை மேற்பார்வையிட்டு, பங்குதாரர்கள் சார்பில் அவர்களிடம் கணக்குக் கேட்கும் ஏற்பாடு. நிதி அறிக்கையிடல் விதிகள் வருவாய், செலவு, சொத்து, கடன் ஆகியவற்றை எப்போது, எந்த அளவில் காட்ட வேண்டும் என்பதை வரையறுக்கின்றன. தொழில் அறநெறி என்பது கணக்காளர் தம் பணியில் கடைப்பிடிக்க வேண்டிய நடத்தை முறை. இம்மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. கணக்குப் பதிவு பொய்யாக இருந்தால் இயக்குநர் குழுவின் மேற்பார்வையும் பொய்யான எண்களின் மீதே நடக்கும்.

கடிதம் காட்டிய எண்கள்

2008 செப்டம்பர் 30 அன்றைய இருப்புநிலைக் குறிப்பில் இருந்த பொய்த் தொகைகளை ராஜு தம் கடிதத்தில் வரிசைப்படுத்தியிருந்தார்.

- ரொக்கம், வங்கி இருப்பு: காட்டப்பட்ட ரூ.5,361 கோடியில் ரூ.5,040 கோடி இல்லாத பணம்.
- திரண்ட வட்டி: ரூ.376 கோடி, முழுவதும் பொய்.
- வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய தொகை: ரூ.490 கோடி மிகையாகக் காட்டப்பட்டது.
- கடன் பொறுப்பு: ரூ.1,230 கோடி மறைக்கப்பட்டது.

இவற்றின் கூட்டுத்தொகை ரூ.7,136 கோடி. அந்தக் காலாண்டின் வருவாய் ரூ.2,700 கோடி என்றும் செயல்பாட்டு இலாபம் ரூ.649 கோடி என்றும் அறிவிக்கப்பட்டிருந்தது. உண்மையான வருவாய் ரூ.2,112 கோடி, இலாபம் ரூ.61 கோடி மட்டுமே.

மோசடி நடந்த முறை

இரட்டைப் பதிவு முறையை அறிந்த மாணவர் இதை எளிதில் பின்தொடரலாம். நடக்காத வேலைக்கு விலைப்பட்டியல் தயாரித்தால் விற்பனை வருவாய் உயரும். அதே அளவுக்குக் கடனாளிகள் கணக்கும் உயரும். கடனாளிகள் தொகை மாதக்கணக்கில் வசூலாகாமல் நின்றால் கேள்வி எழும். ஆகவே அது வசூலாகி வங்கியில் சேர்ந்ததாகப் பதிய வேண்டியிருந்தது. வங்கியில் பெருந்தொகை இருந்தால் வட்டியும் வரவேண்டுமே. எனவே பொய்யான வட்டியும் சேர்ந்தது. இதற்குச் சான்றாக வங்கிக் கணக்கு அறிக்கைகளும் நிரந்தர வைப்புத்தொகை ரசீதுகளும் போலியாகத் தயாரிக்கப்பட்டன. போலி விலைப்பட்டியல்கள் 6,000-க்கு மேற்பட்டவை என அமெரிக்கப் பங்கு பரிவர்த்தனை ஆணையம் கண்டறிந்தது. சத்யம் பங்குகள் நியூயார்க் பங்குச்சந்தையிலும் பட்டியலிடப்பட்டிருந்ததால் அவ்வாணையமும் விசாரணை நடத்தியது.

ஆண்டுதோறும் இடைவெளி பெருகியது. அதை மூடுவதற்காக, ராஜு குடும்பத்துடன் தொடர்புடைய மேட்டாஸ் பிராப்பர்ட்டீஸ், மேட்டாஸ் இன்ஃப்ரா ஆகிய நிறுவனங்களை ஏறத்தாழ 160 கோடி டாலருக்கு வாங்கும் திட்டம் 2008 டிசம்பர் 16 அன்று அறிவிக்கப்பட்டது. இல்லாத பணத்தைக் கொடுத்ததாகக் காட்டி, இருக்கும் நிலத்தையும் கட்டடத்தையும் கணக்கில் கொண்டுவருவதே நோக்கம். இயக்குநர் குழு ஒப்புதல் அளித்தது. ஆனால் முதலீட்டாளர்கள் கடுமையாக எதிர்த்ததால் சில மணி நேரத்திலேயே திட்டம் கைவிடப்பட்டது. மூன்று வாரங்களில் ஒப்புதல் கடிதம் வந்தது.

தவறிய சோதனை

வங்கி இருப்பு என்பது தணிக்கையில் எளிதாகச் சரிபார்க்கக்கூடிய ஓர் இனம். தணிக்கையாளர் தாமே வங்கிக்கு நேரடியாக எழுதி, பதிலையும் தாமே நேரடியாகப் பெற வேண்டும். இதற்கு வெளி உறுதிப்படுத்தல் என்று பெயர். சரிபார்க்கப்பட வேண்டிய நிறுவனத்தின் கை வழியாகப் பதில் வந்தால் அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை. 2000 முதல் சத்யத்தைத் தணிக்கை செய்த பிரைஸ் வாட்டர்ஹவுஸ் இந்திய நிறுவனங்கள் இச்சோதனையை முறையாகச் செய்யவில்லை என்று அமெரிக்க ஆணையம் 2011-இல் கூறியது. அந்நிறுவனங்கள் குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும் 60 லட்சம் டாலர் அபராதம் செலுத்த உடன்பட்டன.

வெளித்தோற்றம் தரத்துக்குச் சான்றாகாது என்பதற்கும் இங்கு எடுத்துக்காட்டு உண்டு. 2008-இல்தான் சத்யத்துக்கு நிறுவன ஆளுகைக்கான கோல்டன் பீகாக் விருது வழங்கப்பட்டது. பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது.

பின்விளைவுகள்

கடிதம் வெளியான அன்றே பங்கு விலை முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. ஏறத்தாழ 50,000 ஊழியர்களின் வேலையும் சம்பளமும் கேள்விக்குறியாயின. மத்திய அரசு பழைய இயக்குநர் குழுவை நீக்கிப் புதிய குழுவை நியமித்தது. 2009 ஏப்ரலில் டெக் மகிந்திரா நிறுவனம் சத்யத்தைக் கையகப்படுத்தத் தேர்வானது. 2013-இல் இரண்டும் இணைந்தன. 2015 ஏப்ரலில் ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜு, நிதித்துறை அலுவலர்கள், தணிக்கையாளர் இருவர் உட்பட 10 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அடுத்த மாதமே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டுப் பிணை வழங்கப்பட்டது.

சட்ட மாற்றங்கள்

இந்நிகழ்வுக்குப் பின் வந்த நிறுமங்கள் சட்டம், 2013 பல ஓட்டைகளை அடைக்க முயன்றது.

- தணிக்கையாளர் சுழற்சி (பிரிவு 139): பட்டியலிட்ட நிறுவனங்களில் தனிநபர் தணிக்கையாளர் 5 ஆண்டுகளும், தணிக்கை நிறுவனம் 10 ஆண்டுகளும் மட்டுமே தொடரலாம்.
- மோசடி அறிவிப்பு (பிரிவு 143): ரூ.1 கோடி அல்லது அதற்கு மேற்பட்ட மோசடி பற்றித் தெரியவந்தால் தணிக்கையாளர் மத்திய அரசுக்கு அறிவிக்க வேண்டும்.
- சுயேச்சை இயக்குநர்கள் (பிரிவு 149): பட்டியலிட்ட நிறுவனங்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு.
- முறைகேட்டை அச்சமின்றித் தெரிவிக்கும் ஏற்பாடு (பிரிவு 177).
- தொடர்புடையோருடன் நடக்கும் பரிவர்த்தனைகளுக்குக் கட்டுப்பாடு (பிரிவு 188).

தணிக்கையாளர்களைக் கண்காணிக்க, பிரிவு 132-இன்படி தேசிய நிதி அறிக்கையிடல் ஆணையம் 2018 அக்டோபர் 1 அன்று அமைக்கப்பட்டது.

கணக்காளர் அறநெறி

பட்டயக் கணக்காளர்களுக்கான நெறிமுறைத் தொகுப்பு ஐந்து அடிப்படைகளைக் கூறுகிறது: நேர்மை, நடுநிலை, தொழில்திறனும் உரிய கவனமும், இரகசியம் காத்தல், தொழிலுக்குரிய நடத்தை. இவற்றைக் குலைக்கும் அச்சுறுத்தல்களாகத் தன்னலம், தன் வேலையைத் தானே சரிபார்த்தல், வாடிக்கையாளருக்காக வாதாடுதல், நெருக்கம், மிரட்டல் ஆகியவற்றைச் சுட்டுகிறது.

சத்யம் நிகழ்வில் இவற்றைப் பொருத்திப் பார்க்கலாம். ஒரே நிறுவனத்தைப் பல ஆண்டுகள் தணிக்கை செய்வதால் நெருக்கம் வளர வாய்ப்புண்டு. சுழற்சி விதி அதைத் தடுக்கவே வந்தது. இரகசியம் காத்தல் ஒரு கடமைதான் என்றாலும், சட்டம் அறிவிக்கச் சொல்லும் மோசடியை மறைப்பதற்கு அதைக் காரணம் காட்ட முடியாது. மேலதிகாரி சொன்னார் என்பதற்காக ஆதாரமற்ற விலைப்பட்டியலைப் பதிவதும் நேர்மைக்குப் புறம்பானது. ஆயிரக்கணக்கான போலிப் பட்டியல்கள் ஒருவர் கையால் மட்டும் கணக்கில் ஏறுவதில்லை. பதிவு செய்தவர், சரிபார்த்தவர், கையெழுத்திட்டவர் எனப் பல நிலைகளைக் கடந்தே ஏறுகின்றன. அந்த ஒவ்வொரு நிலையிலும் ஆதாரத்தைக் கேட்கும் பொறுப்பு அங்கிருக்கும் கணக்காளருடையது.