சேப்பாக்கத்தில் படிக்கப் போகிறவருக்கு

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று ஊரில் சொன்னால், "அதுல எந்தக் காலேஜ்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்பவர் மேல் தப்பில்லை. 1857இல் கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களோடு இதையும் தொடங்கியபோது லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். பாடம் நடத்துவது கல்லூரிகளின் பாடு. தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பது மட்டும் பல்கலைக்கழகத்தின் வேலை. அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கே வகுப்பில் உட்கார்ந்து படித்தவர் என்று யாரும் இல்லை. தேர்வு எழுத வந்தார்கள், பட்டம் வாங்கினார்கள், போனார்கள். 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம் வந்த பிறகுதான் தனித் துறைகளுக்கு வழி பிறந்தது. இன்றும் இளநிலை மாணவர்கள் இணைப்புக் கல்லூரிகளில்தான் படிக்கிறார்கள். வளாகத்துக்குள் நடப்பது பெரும்பாலும் முதுகலையும் ஆய்வும்.

இந்தப் பழங்கதையை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. சிதம்பரம் பக்கத்தில் 1929இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிப்பதற்கென்று உருவானது. அங்கே விடுதி, விளையாட்டுத் திடல், கடைத்தெரு எல்லாம் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்தன. சேப்பாக்கத்தில் கதை தலைகீழ். ஊர் ஏற்கெனவே இருந்தது. பல்கலைக்கழகம் அதன் ஓரத்தில் வந்து உட்கார்ந்தது. ஆகவே சாப்பாடு, தங்கல், நட்பு, வம்பு, காதல் என்று மற்ற இடங்களில் வளாகத்துக்குள் நடப்பதெல்லாம் இங்கே மதிலுக்கு வெளியே நடக்கிறது. முதல் வாரம் வளாகம் நாலு மணிக்கே வெறிச்சோடுவதைப் பார்த்து, இங்கே மாணவர் வாழ்க்கையே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அது தெருவில் இருக்கிறது.

உங்கள் துறை எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் ஆறு வளாகங்கள்: சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி, மதுரவாயல், சேத்துப்பட்டு. அறிவியல் துறைகள் பெரும்பாலும் கிண்டியில், அடிப்படை மருத்துவ அறிவியல் தரமணியில், தமிழும் பிற மொழிகளும் மெரினாவில். வரலாறு, பொருளாதாரம், தத்துவம் போன்றவையும் கணிதத்துக்கான ராமானுஜன் நிறுவனமும் சேப்பாக்கத்தில். கிண்டிக்காரருக்கும் சேப்பாக்கத்துக்காரருக்கும் பட்டச் சான்றிதழில் ஒரே முத்திரை; அதைத் தவிரப் பொதுவானது அதிகம் இல்லை. இனி நான் சொல்லப் போவது கடற்கரை ஓரத்து இரண்டு வளாகங்களின் கதை. கிண்டிக்காரர்கள் மன்னிக்க, உங்களுக்கு மரநிழல் இருக்கிறது.

வகுப்பில் பாதிப் பேர் தினமும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள். அரக்கோணம், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் சென்ட்ரல் பக்கம் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயிலைப் பிடித்தால் இரண்டாவது நிறுத்தம் சேப்பாக்கம். 1995இல் அந்தப் பாதை முதலில் திறந்தபோது கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரைதான் ஓடியது. ரயிலில் வருகிறவர்களுக்கு நட்பு ரயிலிலேயே முடிந்துவிடும். ஒரே பெட்டி, ஒரே கதவோரம், ஒரே கூட்டம். மாலையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். அவர்களைத் தப்பாக நினைக்க வேண்டாம், வண்டியை விட்டால் வீடு போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும்.

பேருந்தில் வேறொரு உலகம். கல்லூரி மாணவர்களிடையே 'ரூட்டு' என்று ஒன்று உண்டு. ஒரே தடத்தில் வருகிறவர்கள் ஒரு கூட்டம். அதற்கு ஒரு 'ரூட்டு தல'. படிக்கட்டில் கானா, கூரையில் தாளம். ஆண்டுக்கொரு முறை பேருந்துக்கு மாலை போட்டு ஊர்வலமாக ஓட்டி வந்த 'பஸ் டே' அடிதடியில் முடியத் தொடங்கியதும் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. இது இளநிலைக் கல்லூரிகளின் வழக்கம்; முதுகலை மாணவர்கள் இதில் இருப்பதில்லை. ஆனால் ஒரே பேருந்தில்தான் நீங்களும் வருவீர்கள். இரண்டு ரூட்டுகளுக்குள் உரசல் என்று காதில் விழுந்தால் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பது கோழைத்தனம் ஆகாது.

தங்கி இருக்கிறவர்களின் ஊர் திருவல்லிக்கேணி. பல்கலைக்கழக வாசலில் இறங்கித் தெற்கே நடந்தால், ஆர்க்காட்டு நவாபுக்காக 1768இல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையையும் மாநிலக் கல்லூரியையும் தாண்டியதும் பாரதி சாலை வரும். பழைய ஆட்கள் இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடு என்பார்கள். மேற்கே திரும்பிக் கால்வாயைக் கடந்தால் மேன்ஷன்களின் நாடு.

மேன்ஷன் என்றதும் மாளிகையை நினைக்க வேண்டாம். நீண்ட நடை, இரண்டு பக்கமும் கதவுகள், கதவுக்குள் இரண்டோ மூன்றோ கட்டில், கோடியில் பொதுக் குளியலறை. சுவரில் முன்னால் இருந்தவர் ஒட்டிவிட்டுப் போன காலண்டர். வேலை தேடி வந்தவர், உதவி இயக்குநராகக் காத்திருப்பவர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர், நடுவில் நீங்கள். வாடகையைவிட அட்வான்ஸை முதலில் கேளுங்கள். அதைவிட முதலில், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், கோடையிலும் வருமா என்று கேளுங்கள். மொட்டை மாடிக்குப் போக விடுவார்களா என்பதும் முக்கியம். மே மாதம் அறைக்குள் யாரும் தூங்க முடியாது. பாயோடு மாடிக்கு ஏறினால், அங்கேதான் பக்கத்து அறைக்காரர் யார் என்பதே தெரியவரும்.

பல்கலைக்கழகத்துக்கும் இந்தத் தெருக்களுக்கும் உறவு இன்று நேற்று வந்ததல்ல. துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ராமானுஜனுக்கு 1913இல் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. அவர் குடியிருந்ததும் திருவல்லிக்கேணியில்தான். இன்றைய ஸ்காலர்களிடம் உதவித்தொகை எப்போது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள். டீக்கடையில் அரைமணி நேரம் போய்விடும்.

ஸ்காலர் என்றால் ஆய்வு மாணவர். துறையின் உண்மையான நிர்வாகம் பல நேரம் அவர்கள் கையில். எந்தப் படிவத்துக்கு எந்த ஜன்னல், எந்த ஆசிரியரிடம் காலையில் பேச வேண்டும், எவரிடம் மதியத்துக்கு மேல் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆசிரியர்கள் சார், மேடம். ஸ்காலர்கள் அண்ணா, அக்கா. இந்த உறவுமுறை சும்மா மரியாதைக்கு இல்லை. நெட் தேர்வுக்கான நோட்ஸிலிருந்து காலியாகப் போகும் கட்டில் வரை எல்லாம் இந்த அண்ணன், அக்கா வழியாகத்தான் கைமாறுகிறது.

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, பணத்துக்குத்தான். மாதக் கடைசியில் அம்மா உணவகம். 2013இல் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய் என்று விலை வைத்தார்கள். மாத நடுவில் மெஸ். காசி விநாயகாவில் டோக்கன் வாங்கிவிட்டு, முன்னால் இருக்கும் கூட்டம் எழுந்திருக்கும்வரை நிற்க வேண்டும். உதவித்தொகை வந்த அன்று ரத்னா கபே. 1948லிருந்து இருக்கிற கடை. இட்லியைச் சாம்பாரில் முக்காமல் மூழ்கடித்தே தருவார்கள். ரம்ஜான் மாதத்தில் வாலாஜா பள்ளிவாசல் பக்கம் போய்ப் பாருங்கள். 1795இல் எழுந்த அந்தப் பள்ளிவாசலில் நோன்பு திறக்க வருகிறவர்களுக்குச் சிந்தி இந்துத் தொண்டர்கள் பல்லாண்டுகளாகப் பரிமாறுகிறார்கள். மத நல்லிணக்கத்தை ஒரு பாடப்புத்தகமும் இவ்வளவு நன்றாக விளக்கியதில்லை.

பெண்களுக்கு இந்த ஊர் பாதிதான் திறந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மேன்ஷன் ஆண்களின் இடம். பெண்களுக்குப் பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் தனியார் ஹாஸ்டல். இரண்டிலும் வாசல் சாத்தும் நேரம் உண்டு. மொட்டை மாடிப் பேச்சு, இரண்டாவது ஆட்டம், பதினொரு மணி டீ என்று ஆண் மாணவர் ஒருவருக்குச் சும்மா கிடைக்கும் சகவாசத்தைப் பெண்கள் பகலிலேயே முடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் கேண்டீனும் நூலகப் படிக்கட்டும் அவர்களுக்குக் கூடுதல் முக்கியம். 2021இலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கையில் காசில்லாத நாளிலும் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்வர அது உதவும். 2010இல் திறந்த நூலகம் அது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவும் தனி இடம் இருக்கிறது.

கடைசியாகக் கடற்கரை. எதிரே உழைப்பாளர் சிலை, தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்தது. 1959லிருந்து நான்கு பேரும் அந்தப் பாறையை நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். வகுப்புத் தோழர்கள் சந்திக்கும் அடையாளம் அதுதான். மெரினாவில் பகல் இரண்டு மணிக்கு மணலில் கால் வைக்க முடியாது. குடை பிடித்து உட்கார்ந்திருப்பவர்களைக் கண்டுகொள்ளாமல் போவது இவ்வூர் நாகரிகம். நாலரைக்கு மேல் கடல்காற்றும் சுண்டலும் வரும். கைடு திட்டியது, அரியர் விழுந்தது, வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தது எல்லாம் இங்கேதான் பேசப்படும். ஒரு பொட்டலம் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலை நாலு பேர் பகிர்ந்தால் ஒரு மணி நேரம் தாங்கும். காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பார்க்கச் சாது போலத் தெரியும் அலை காலடி மணலை இழுத்துக்கொண்டு போகும்; நீச்சல் தெரிந்தவர்களையும் கொண்டுபோயிருக்கிறது.

இந்த மணல் வெறும் பொழுதுபோக்கு இடமும் அல்ல. 2017 ஜனவரி 17ஆம் தேதி ஜல்லிக்கட்டுக்காக விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே சிறு கூட்டமாக உட்கார்ந்தவர்களோடு அடுத்தடுத்த நாட்களில் பெருங்கூட்டம் சேர்ந்தது. 23ஆம் தேதி காவல்துறை கலைக்கும்வரை அது கலையவில்லை. அதன் பிறகு அங்கே கூட்டம் போட விடுவதில்லை. பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து தாளோடு பேசினால் காவலர் ஒருவர் வந்து விசாரிக்கக்கூடும். அடையாள அட்டையைக் காட்டுங்கள், போய்விடுவார்.

குடியரசு தினம் நெருங்கினால் அணிவகுப்பு ஒத்திகைக்காகக் காமராஜர் சாலை காலையில் அடைபடும். தலைவர்களின் நினைவு நாள்களிலும் அப்படித்தான். சேப்பாக்கம் மைதானத்தில் மேட்ச் என்றால் வாலாஜா சாலைப் பக்கமும் நகர முடியாது. அன்றைக்குப் பாதி வகுப்பு வராது, வந்த பாதிக்கும் மனம் வராது. பின்புறமிருந்து எழும் சத்தத்தை வைத்து அடித்தது நான்கா ஆறா என்று ஆசிரியரே சொல்லிவிடுவார்.