இருட்டில் ஒரு குட்டித் திரை

தரை டிக்கெட்டின் விசிலுக்குப் பயந்து மல்டிபிளெக்ஸுக்கு ஓடிய நடுத்தர வர்க்கம், இப்போது செல்போன் வெளிச்சத்துக்குப் பயந்து வீட்டுக்கே திரும்புகிறது. ஆனால் வீடு மட்டும் நிம்மதியாகவா இருக்கிறது?

படம் தொடங்கி முக்கால் மணி நேரம். திரையில் ஒரு சாவு வீடு. வசனம் இல்லை. பின்னணி இசைகூட நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து, மூன்று வரிசை முன்னால் வெள்ளை வெளேரென்று ஒரு வெளிச்சம் எழுகிறது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, கையோடு கிரிக்கெட் ஸ்கோரையும் பார்த்துக்கொள்கிறார் ஒருவர். வலப்பக்கத்தில் இன்னொருவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, ஆனால் அரங்கம் முழுவதற்கும் கேட்கும்படி, தான் தியேட்டரில் இருக்கும் விஷயத்தை யாருக்கோ தெரிவிக்கிறார். தட்டில் நாச்சோஸும் கோக்கும் ஏந்தி வந்த சிப்பந்தி, குனிந்தபடியே இருக்கை எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறார். பின் சீட்டுக்காரரின் முழங்கால் முதுகில் இடிக்கிறது. சாவு வீட்டில் அழுகை தொடங்குவதற்குள் யாரோ ஒருவர் பாப்கார்ன் பொட்டலத்தின் அடிவரை துழாவி முடித்துவிடுகிறார்.

தில்லி, மும்பை, பெங்களூர், கொல்கத்தா என்று எந்த ஊர் மல்டிபிளெக்ஸிலும் காணக்கூடிய காட்சி இது. வெளியே வரும்போது காதில் விழும் வாக்கியமும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "இதுக்குப் பேசாம வீட்டிலேயே பார்த்திருக்கலாம்."

பார்த்திருக்கலாம்தான். நெட்ஃபிளிக்ஸும் அமேசான் பிரைமும் 2016ல் இந்தியாவுக்கு வந்துவிட்டன. 2020 மார்ச்சில் கொரோனா தியேட்டர்களைப் பூட்டியது. அமிதாப் பச்சன் நடித்த 'குலாபோ சிதாபோ' அந்த ஜூனில் தியேட்டர் வாசலையே மிதிக்காமல் நேராக வீட்டுக்குள் நுழைந்தது. இப்போது பெரிய இந்திப் படங்கள் பெரும்பாலும் எட்டு வாரத்தில் வீட்டுத் திரைக்கு வந்துவிடுகின்றன. தமிழில் பல படங்களுக்கு நான்கு வாரமே அதிகம். நாலு பேர் குடும்பம் தியேட்டருக்குப் போய்வர ஆகும் செலவில் பல மாதச் சந்தா கட்டிவிடலாம் என்ற கணக்கைப் போடாத வீடு நகரங்களில் குறைவு.

ஆனால் இந்தப் புகார் புதிதல்ல. ஒரு தலைமுறைக்கு முன்பே இதே நடுத்தர வர்க்கம் தியேட்டருக்கு ஒருமுறை முழுக்குப் போட்டிருக்கிறது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி தூர்தர்ஷனுக்கு வண்ணம் வந்தது. கூடவே 'டெக்' வந்தது. கலர் டி.வி.யும் டெக்கும் ஓர் இரவுக்கு வாடகை, துணைக்கு மூன்று காசெட்டுகள். விடிய விடியப் பார்த்துவிட்டுக் காலையில் சிவந்த கண்களோடு வேலைக்குப் போனவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். தியேட்டரை விட்டு ஓடியதற்கு அவர்கள் சொன்ன காரணங்களும் பெரிய பட்டியல்: மூட்டைப்பூச்சி, பீடிப் புகை, சுவரோரம் வெற்றிலை எச்சில், பிளாக் டிக்கெட், அதற்கெல்லாம் மேலாக 'விசிலடிச்சான் குஞ்சுகள்'. பல ஊர்களில் பெண்களுக்குத் தனி டிக்கெட் ஜன்னலும் தனி இருக்கை வரிசையும் இருந்தது மரியாதையால் அல்ல. அவை இல்லாவிட்டால் அவர்கள் உள்ளே வந்து போவதே பெரும்பாடு.

இதில் வேடிக்கை, அந்தக் காலத்து வீடும் தியேட்டராகத்தான் இருந்தது. தெருவுக்கு ஒரு டி.வி. என்றிருந்த நாளில், ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு அக்கம்பக்கமெல்லாம் வந்து கூடத்தில் சம்மணம் போட்டது. குழந்தை அழுதது. கிழவி கதை கேட்டாள். வீட்டுக்காரர் சொந்த வீட்டில் நின்றுகொண்டு படம் பார்த்தார். அதை யாரும் அநாகரிகம் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

ஓடிப்போனவர்களைத் திரும்ப அழைத்து வந்தது ஒரு கல்யாணம். 1994 ஆகஸ்டில் மும்பை லிபர்ட்டி தியேட்டரில் 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' வெளியானது. ராஜஸ்ரீ நிறுவனம் படத்தின் வீடியோ காசெட்டை வெளியிடாமல் நிறுத்தி வைத்தது. படம் திரையிடப்பட்ட அரங்குகள் பழுது பார்க்கப்பட்டன. டிக்கெட் விலை ஏறியது. பதினான்கு பாட்டுகளும் ஒரு நாய்க்குட்டியும் உள்ள அந்தப் படத்துக்குக் குடும்பங்கள் பட்டுச் சேலையோடு போயின. கூட்டம் கொடுத்த சேதியைத் தொழில்காரர்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள்: இடம் சுத்தமாகவும் அமைதியாகவும் இருந்தால் அதிகப் பணம் கொடுக்க இவர்கள் தயார். 1997ல் தில்லி சாகேத்தில் பழைய அனுபம் தியேட்டர் நான்கு திரைகளாகப் பிரிந்து நாட்டின் முதல் மல்டிபிளெக்ஸ் ஆனது. பெஞ்ச் டிக்கெட், தரை டிக்கெட் என்ற பிரிவுகளே அங்கு இல்லை. விசிலடிப்பவரை வாசலில் யாரும் தடுக்கவில்லை. விலையே தடுத்துவிட்டது.

அந்த விசிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பெங்களூர் தியேட்டர்களில் கள ஆய்வு செய்த சமூகவியலாளர் லட்சுமி ஸ்ரீநிவாஸ் 2016ல் 'ஹவுஸ் ஃபுல்' என்ற நூலை வெளியிட்டார். இந்திய ரசிகர் வாய் மூடிப் பார்ப்பவர் அல்ல, படத்தோடு சேர்ந்து இயங்குபவர் என்பது அதன் சாரம். கூட்டமாக வருவார்கள், தாமதமாக வருவார்கள், திரையோடு பேசுவார்கள், பிடிக்காத பாட்டுக்கு எழுந்து வெளியே போவார்கள், பிடித்த காட்சிக்காகவே மறுபடி வருவார்கள். படமெடுப்பவர்களுக்கும் இது தெரியும். கதாநாயகன் அறிமுகமாகும் காட்சியில் கைதட்டலுக்கென்றே சில விநாடிகளை விட்டுவைப்பது நம் படத்தொகுப்பாளர்களின் தொழில் ரகசியம். அந்த இடைவெளியில் விசில் வராவிட்டால்தான் படத்தில் ஏதோ கோளாறு.

இன்னொன்றும் உண்டு. தமிழர்கள் எல்லோரும் முதன்முதலாக ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தது சினிமாக் கொட்டகையில்தான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது சாதியோ அந்தஸ்தோ அல்ல, வாங்கிய டிக்கெட்தான் என்று பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி சுட்டிக்காட்டியிருக்கிறார். இந்தி வட்டாரத்து ஸ்டாலுக்கும் பால்கனிக்கும் இது பொருந்தும். முன் பெஞ்சின் சத்தத்தை பால்கனி சகித்துக்கொண்டது. சில சமயம் ரசிக்கவும் செய்தது.

முன் பெஞ்ச்காரர் என்னதான் கத்தினாலும், கண் திரைமேல் இருந்தது. இன்று நானூறு ரூபாய் கொடுத்துவிட்டுச் செல்போனை நோண்டுபவரின் கண் அங்கே இல்லை. உறுத்துவது இதுதான்.

வெறும் மன உறுத்தல் மட்டுமல்ல, கண்ணுக்கும் உறுத்தல். டிஜிட்டல் சினிமாத் திரையின் வெளிச்சத்துக்குச் சர்வதேச அளவு ஒன்று இருக்கிறது: வெண்மையின் உச்சத்தில் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. செல்போன் திரையோ வெளிச்சத்தைக் குறைக்காமல் விட்டால் சாதாரணமாகவே பல நூறு கேண்டெலாவைத் தொடும். அதாவது, உள்ளங்கை அகலச் சில்லு, ஐம்பதடித் திரையைவிடப் பத்து மடங்கு பிரகாசம். இருட்டுக்குப் பழகி விரிந்திருக்கும் கண்மணி அதைப் பார்த்த கணத்தில் சுருங்குகிறது. மறுபடி முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம்கூட ஆகும். "ஒரே ஒரு மெசேஜ்தானே" என்பவருக்கு அது பத்து விநாடி. பின்னால் இருக்கும் ஐம்பது பேருக்கு ஒரு ரீல்.

வேறு வகை 'ரீல்' இன்னொரு தொல்லை. நாயகன் தோன்றியதும் கைகள் உயர்வது கைதட்ட அல்ல, படம் பிடிக்க. 2023ல் திருத்தப்பட்ட சினிமாட்டோகிராஃப் சட்டத்தின்படி தியேட்டரில் அனுமதியின்றிப் படத்தைப் பதிவு செய்தால் குறைந்தது மூன்று மாதம் சிறை, மூன்று லட்சம் ரூபாய் அபராதம். அதிகபட்சம் மூன்றாண்டு, அபராதம் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம்வரை போகலாம். சட்டம் குறிவைத்தது திருட்டு வீடியோக்காரர்களை. அரை நிமிடத் துணுக்கை இன்ஸ்டாகிராமில் போடுபவரை யார் பிடிக்கப்போகிறார்கள்? 2025 ஜூலையில் 'சையாரா' வெளியானபோது தியேட்டருக்குள் தேம்பி அழுபவர்கள், சட்டையைக் கழற்றி ஆடுபவர்கள், ஏன், கையில் டிரிப்ஸ் ஊசியோடு வந்தவர் வரை எல்லோருடைய வீடியோவும் நாடெங்கும் சுற்றியது. படத்துக்குக் காசில்லாத விளம்பரம். தயாரிப்பாளர் ஏன் தடுப்பார்?

சில சமயம் விஷயம் விபரீதமாகிறது. 2023 தீபாவளியன்று மகாராஷ்டிரத்தின் மாலேகாவ்ன் தியேட்டர் ஒன்றில் 'டைகர் 3' ஓடிக்கொண்டிருக்கும்போதே ரசிகர்கள் அரங்குக்குள் ராக்கெட் விட்டார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். இது ஆபத்து, வேண்டாம் என்று சல்மான் கானே வேண்டுகோள் விட நேர்ந்தது. 2021ல் இன்னொரு படத்துக்கும் இதே வேண்டுகோளை அவர் விட்டிருந்தார்.

தியேட்டர்காரர்கள் மட்டும் யோக்கியமா? மத்தாப்பு வெளிச்சத்தை விடுங்கள், விளக்கை அணைத்த பிறகும் இருக்கைக்கே உணவு கொண்டுவந்து விற்பவர்கள் அவர்கள்தான். டிக்கெட்டுக்கு அடுத்த பெரிய வரவு சோளப்பொரி என்பதால், அதைக் கொறிக்கும் சத்தத்தைப் பற்றி அவர்களிடம் முறையிட முடியாது. 2025 பிப்ரவரியில் பெங்களூர் நுகர்வோர் ஆணையம், படத்துக்கு முன் சுமார் 25 நிமிடம் விளம்பரம் காட்டி நேரத்தை வீணாக்கியதாக ஒருவர் தொடுத்த வழக்கில் அவருக்கு இழப்பீடு வழங்கச் சொல்லி, அதோடு ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ரசிகர்களின் தாமத வருகையில் ஒரு பகுதி இந்த விளம்பரங்களின் புண்ணியம். டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கு வருபவரை ஏமாளி என்று நினைக்கும் பழக்கத்தைத் தியேட்டரே வளர்த்துவிட்டது.

வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு, ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. விசாரணையில் தலைமை நீதிபதி சந்திரசூட் ஒரு கேள்வி கேட்டார்: ஒருவர் ஜிலேபி கொண்டுவந்து தின்றுவிட்டு விரலை இருக்கையில் துடைத்தால், சுத்தம் செய்யும் செலவை யார் கொடுப்பது? பிசுக்கு விரல் பற்றி உச்ச நீதிமன்றம்வரை பேச்சு போய்விட்டது. விற்கப்படும் நாச்சோஸின் சீஸும் அதே இருக்கையில்தான் துடைக்கப்படுகிறது என்பது வேறு விஷயம்.

சரி, வீடு? அங்கே முழங்கால் இடிப்பதில்லை. ஆனால் குக்கர் விசிலடிக்கும். கூரியர்க்காரர் மணியடிப்பார். படத்தை நிறுத்தும் பொத்தான் கையில் இருப்பதால் படம் நின்றுகொண்டே இருக்கும். இரண்டரை மணி நேரப் படம் செவ்வாயன்று தொடங்கி வியாழன் இரவு முடியும். 2020ல் நெட்ஃபிளிக்ஸ், படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கவும் செல்போனில் வழி செய்தது. சாவு வீட்டையும் வேகமாகக் கடந்துவிடலாம். தொலைக்காட்சியில் படம் ஓட, ஒவ்வொருவர் மடியிலும் வேறொரு திரை ஓடும். இந்தப் பழக்கத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு யாரும் தியேட்டருக்கு வருவதில்லை. தியேட்டரில் தெரியும் அநாகரிகத்தில் பாதி, வீட்டு சோபாவில் பயின்றதுதான்.

தவிர, 'வீட்டிலேயே பார்' என்பது யாருக்குச் சொல்லும் யோசனை? பெரிய டி.வி., வேகமான இணையம், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை எல்லாம் உள்ளவர்களுக்கு. மும்பைச் சால் ஒன்றில் ஒற்றை அறையில் ஐந்து பேர் வாழும் குடும்பத்துக்கு தியேட்டர்தான் தனிமை. மூலை சீட்டு தேடும் காதலர்களுக்கும் அப்படியே. பெண்கள் தோழிகளோடு, சில சமயம் தனியாகவும், இரவுக் காட்சிக்குப் போய்வரும் துணிச்சலை மல்டிபிளெக்ஸ் ஓரளவு கொடுத்தது. கூட்டத்தையும் கூச்சலையும் தாங்க முடியாத முதியவர்கள் பகல் காட்சிக்கு வரத் தொடங்கினார்கள். சண்டை போடத் தெரிந்தவர் செல்போன்காரரைத் தட்டிக் கேட்டுவிட்டு மிச்சப் படத்தைப் பார்ப்பார். கேட்கத் தயங்குபவர் அடுத்த முறை வரமாட்டார். முதலில் காலியாகும் இருக்கைகள் இவர்களுடையவை.

திருந்தாத ஜென்மங்கள் என்று கைகழுவுவதும் சரியல்ல. புரொஜெக்டர் ஒளிக்கற்றையில் சிகரெட் புகை மேகமாகத் திரண்டு நின்ற காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை நிறுத்தவே முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2003ல் புகையிலைச் சட்டம் வந்தது, 2008 அக்டோபரில் பொது இட விதிகள் இறுகின, இன்று அரங்குக்குள் யாராவது தீக்குச்சி கிழித்தால் பக்கத்துச் சீட்டுக்காரரே எழுந்துவிடுவார். 2016 நவம்பரில் ஒவ்வொரு காட்சிக்கும் முன் தேசிய கீதம் இசைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018 ஜனவரியில் அது கட்டாயமல்ல என்றாகும்வரை, 52 விநாடி நாடு முழுக்க நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக அசையாமல் நின்றார்கள். உட்கார்ந்த உடனே போனை எடுத்தார்கள்.

செல்போனுக்கு அப்படி எந்த விதியும் இல்லை. 'அமைதியாக வையுங்கள்' என்று ஒரு சிலைடு போடுவதோடு கடமை முடிகிறது. பழைய கொட்டகையில் ஒரு டார்ச் லைட் ஆள் இருந்தார். காக்கிச் சட்டை, அதட்டும் குரல். யார் காலை எதிர் சீட்டில் போட்டாலும் ஒளிவட்டம் நேராக முகத்தில் விழும். இன்று அதே இருட்டில் நடமாடும் பையனின் கையில் இருப்பது ஆர்டர் எடுக்கும் கருவி. ஐந்நூறு ரூபாய்க்குத் தின்பண்டம் வாங்கியவரை அவன் எப்படி அதட்டுவான்?

மும்பை சென்ட்ரல் அருகே உள்ள மராத்தா மந்திரில் 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' 1995 அக்டோபரில் திரையேறியது. கொரோனாக் காலம் போன்ற இடைவெளிகள் நீங்கலாக, பகல் காட்சியாக அது 30 ஆண்டுகளைத் தாண்டியது. 2015ல் ஒருமுறை நிறுத்தப்போவதாக அறிவித்து, ரசிகர்கள் கேட்டுக்கொண்டதால் கைவிட்டார்கள். வீட்டில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய படம். ஆனாலும் வேலை தேடி வந்த இளைஞர்கள், ரயிலுக்குக் காத்திருப்பவர்கள், கையில் குழந்தையோடு குடும்பங்கள் என்று மலிவு டிக்கெட் வாங்கி உள்ளே போகிறார்கள். வசனங்களை நடிகருக்கு முன்பே சொல்கிறார்கள். கடைசியில் ரயில் கிளம்பி, அப்பா மகளின் கையை விடும்போது அரங்கம் முழுவதும் கத்துகிறது. அந்தச் சத்தத்தில் பக்கத்திலிருப்பவரின் போன் மணி அடித்தாலும் கேட்காது.